மாயாவி வீட்டு மூன்று ஊஞ்சல்கள்

முன்னொரு காலத்தில், மரம் செடிகூட மனிதரிடம் வாய் திறந்து பேசிய நாளில், வைரமாபுரி என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே குமுதவல்லி என்ற பெண் இருந்தாள். எந்த வீட்டில் எந்தச் சாமானை எங்கே போட்டால் அழகு என்பது அவளுக்குத்தான் தெரியும். ராஜாவே அவளைக் கேட்காமல் ஒரு நாற்காலியை நகர்த்த மாட்டார்.

அவளுடைய தங்கை செங்கமலம், மலைமேல் இருந்த வக்கிரகேது என்ற மாயாவியின் மாளிகையைப் பார்க்கப் போனவள் திரும்பவே இல்லை. குமுதவல்லி அழுதாள், தேடினாள், கடைசியில் அந்த மாளிகைக்கே போய்க் கதவைத் தட்டினாள்.

"என் தங்கச்சி எங்கே?"

"சொல்றேன். முதல்ல என் கூடத்தை அலங்கரிச்சுக் கொடு" என்றான் மாயாவி.

உள்ளே போனவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தாமரை செதுக்கிய தேக்கு அலமாரி! யாளிக் கால்கள் வைத்த கட்டில்! பித்தளைச் சங்கிலியில் மூன்று ஊஞ்சல்கள்! அத்தனையையும் அந்த மடையன் குப்பைபோலக் குவித்து வைத்திருந்தான்.

தங்கை கவலையிலும் அவள் கைகள் சும்மா இருக்கவில்லை. கட்டிலை ஜன்னலோரம் போட்டாள். அலமாரியை வெளிச்சம் விழும் சுவரோடு நிறுத்தினாள். ஊஞ்சல்களை நடுக்கூடத்தில் வரிசையாக மாட்டினாள். கூடம் கல்யாண வீடாக ஜொலித்தது. அழகு, அழகு, அப்படியோர் அழகு.

மாயாவி சிரித்தான். "இதெல்லாம் மரம்னா நினைச்சே? எல்லாரும் மனுஷங்க. உன் தங்கச்சி இந்த மூணு ஊஞ்சல்ல ஒண்ணு. அவ எதுன்னு கண்டுபிடிச்சு உட்கார். சரியா உட்கார்ந்தா எல்லாருக்கும் விடுதலை. தப்பா உட்கார்ந்தா நீ முக்காலி."

மூன்றும் ஒரே அச்சு. குமுதவல்லி யோசித்தாள். பிறகு, ஆளில்லாத ஊஞ்சலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று தெரிந்தே, முதல் ஊஞ்சலைத் தள்ளினாள். அது போய் வந்தது. இரண்டாவதைத் தள்ளினாள். அதுவும் போய் வந்தது. மூன்றாவதைத் தள்ளினாள். இம்மியும் அசையவில்லை. வெற்று ஊஞ்சல் ஆடினால் எந்த வீடானாலும் ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்து நிறுத்துகிறவள் செங்கமலம்!

குமுதவல்லி அதில் உட்கார்ந்தாள். ஊஞ்சல் மெல்ல ஆடியது.

அவ்வளவுதான். ஊஞ்சல் தங்கையானது. கட்டில் மல்யுத்த வீரனானது, அலமாரி குதிரை வியாபாரியானது. மந்திரம் போன மாயாவி, உட்கார ஒரு மணைகூட இல்லாமல் வெறுந்தரையில் சரிந்தான்.

செங்கமலம் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அடுத்த மூச்சில், "யாருமில்லாத ஊஞ்சலை ஆட்டலாமாக்கா?" என்று சண்டைக்கு வந்தாள். இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

விடுதலையானவர்கள் நன்றியோடு ஆளுக்கொரு சாமான் செய்து அனுப்பினார்கள். குமுதவல்லியின் வீடு அரண்மனையைவிட அழகாயிற்று. ஆனால் ஒவ்வொன்றையும் தட்டி, கிள்ளி, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்ட பிறகுதான் செங்கமலம் அக்காவை அதில் உட்கார விட்டாள்.