மரப்பாச்சி காட்டிய பாவாடை

ஒரு ஊரிலே ஒரு பாவாடை இருந்தது. ராஜா இல்லையா என்று கேட்காதே. ராஜாவும் இருந்தார், ஆனால் அந்த ஊரில் ராஜாவைப் பற்றி யாரும் பேசவில்லை, பாவாடையைப் பற்றித்தான் பேசினார்கள். ம் சொல்லு. நீ ம் சொன்னால்தான் கதை நகரும்.

சீமையிலே, பனி பெய்கிற ஊர் அது. அங்கே ஒரு பெரிய ஆட்டக் கொட்டகை. அதில் பாலே என்று ஓர் ஆட்டம் ஆடுவார்கள். பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. கால்விரல் நுனியில் நின்றுகொண்டு, விர்ரென்று சுற்றிச் சுற்றியே முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். அங்கே ஆடுகிறவர்களுக்கெல்லாம் உடுப்புத் தைத்துக் கொடுத்தவள் பெர்த்தீல். பத்து வயதில் ஊசியில் நூல் கோக்க வந்தவள், தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்தாள். அவளுடைய ஒரே மகள் லியோனி அதே கொட்டகையில் ஆடினாள்.

பெர்த்தீல் சிறுமியாக இருந்தபோது ஆட்டக்காரிகள் வெல்வெட்டும் சரிகையும் உடுத்தினார்கள். இடுப்பைச் சுற்றி வளையம், தலையில் பொய்முடி, காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. ஒருத்தி துள்ளினால் முதலில் அவள் எழும்புவாள். பாவாடை சற்று யோசித்துவிட்டு அப்புறம் எழும்பும். இறங்கும்போது தொம். அதற்குப் பெயர் கண்ணியம்.

அப்புறம் ஒரு வருஷம், இனிமேல் ஆட்டக்காரிகள் அனைவரும் ஆவிகள் என்று முடிவாயிற்று. ஆமாம், காற்றில் மிதக்கிற வெள்ளை ஆவிகள். வெல்வெட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். ஊதினால் பறக்கிற மெல்லிய துணியில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து அடுக்கு, கணுக்கால் வரைக்கும். முதுகிலே இரண்டு குட்டி இறக்கை. மிதப்பதற்குக் கம்பி. அதற்குப் பெயர் கலை.

யார் முடிவு செய்தார்கள் என்றுதானே கேட்கிறாய்? ஒரு மரப்பாச்சி முடிவு செய்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை தலைநகரத்திலிருந்து குதிரை வண்டியில், கடக் கடக்கென்று, ஒரு பெட்டி வரும். பெட்டிக்குள் ஒரு மரப்பாச்சி. அந்த வருஷத்து நாகரிகம் எதுவோ அதைத் தைத்து மரப்பாச்சிக்கு உடுத்தி அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்க்க ஊரிலே ஒரு சபை இருந்தது. ஐந்து கனவான்கள். கொட்டகையின் முன்வரிசை நாற்காலிகள் ஐந்தும் அவர்களுக்குச் சொந்தம், ஆளுக்கொரு தூரக்கண்ணாடி. முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு தூரக்கண்ணாடி எதற்கு என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

சபைக்குத் தலைவர் முசே காஸ்பார். முசே என்றால் அந்த ஊர் பாஷையில் ஐயா. அவரிடம் வெள்ளிப் பூண் போட்ட அளவுகோல் ஒன்று இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் ஆட்டக்காரிகள் வரிசையாக நிற்க வேண்டும். அவர் மண்டியிட்டு, தரையிலிருந்து பாவாடை விளிம்பு வரை அளப்பார். சரியாக நான்கு விரற்கடை இருக்க வேண்டும். ஐந்து இருந்தால் ஒழுக்கம் போய்விடும். மூன்று இருந்தால் கலை போய்விடும். நாலு விரற்கடையில் இரண்டும் தங்கியிருந்தன. ம்?

இப்போது கவனமாகக் கேள். மேடையின் விளிம்பிலே வரிசையாகக் காஸ் விளக்குகள். மூடி இல்லாத விளக்குகள். புஸ் புஸ்ஸென்று எரியும். ஒரு சாயங்காலம் லியோனி சுற்றிக்கொண்டே விளிம்புக்கு வந்தாள். பத்தடுக்குப் பாவாடை விரிந்தது. விளக்கு நாக்கை நீட்டியது. குப்.

பக்கத் திரைக்குப் பின்னால் பெர்த்தீல் எப்போதும் ஈரக் கம்பளியோடு நிற்பாள். ஓடிவந்து, பொத்தென்று மகளை அமுக்கினாள். லியோனிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெர்த்தீலின் உள்ளங்கைதான் கொப்புளித்துப்போயிற்று.

முன்வரிசையில் ஐந்து பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஆவி மறையற இடத்துல அந்தச் சிவப்பு வெளிச்சம் வந்துதே, அருமை. நாளைக்கும் வையுங்க," என்றார் முசே காஸ்பார்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவும் மகளும் தையல் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு நீ ஆட வேண்டாம்டி," என்றாள் பெர்த்தீல்.

"நான் வரலைன்னா இன்னொரு ஆவி வரும்மா. அவளுக்கும் ஒரு அம்மா இருப்பா."

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பெர்த்தீல் சபைக்குப் போனாள்.

முதல் தடவை ஒரு துண்டுத் துணியைப் படிகாரத் தண்ணீரில் முக்கி, காயவைத்து எடுத்துக்கொண்டு போனாள். மெழுகுவர்த்தியில் காட்டினாள். துணி கறுத்ததே தவிர, பற்றி எரியவில்லை.

"எல்லாப் பாவாடையையும் இப்படி ஒரு முக்கு முக்கிட்டா போதுங்க, முசே."

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். "மங்கிப்போச்சே. விறைப்பா வேற நிக்குது. ஆவி பளிச்சுன்னு இருக்க வேண்டாமா?"

"பொண்ணுங்க உயிரோட இருப்பாங்க, முசே."

"ஆவிக்கு எதுக்கும்மா உயிர்?"

பெர்த்தீல் திரும்பி வந்தாள். அப்புறம் இரண்டாம் தடவை போனாள். விளக்குகளுக்கு முன்னால் கம்பி வலை போடலாம் என்றாள்.

"வலையோட நிழல் கணுக்கால்ல விழும். நாங்க வர்றதே கணுக்கால் பார்க்கத்தான்," என்றார் ஒரு கனவான்.

முசே காஸ்பார் இருமினார். "கலையைப் பார்க்க."

"ஆமாம், கணுக்கால்ல இருக்கற கலையை."

திரும்பி வந்தாள். அப்புறம் மூன்றாம் தடவை போனாள். இந்தத் தடவை கையிலே துணியும் இல்லை, வலையும் இல்லை.

"முசே, பாவாடையை முழங்கால் வரைக்கும் வெட்டிடலாம். அந்த உயரத்துக்கு நெருப்பு எட்டாது."

முசே காஸ்பாரின் மூக்குக்கண்ணாடி காப்பிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. ளொக். ஒரு கனவான் சன்னலைச் சாத்தினார். இன்னொருவர் முழங்கால் என்ற சொல்லைக் கூட்டக் குறிப்பில் எழுதலாமா கூடாதா என்று கேட்டார்.

"இதோ பாரும்மா," என்றார் முசே காஸ்பார். "தலைநகரத்துல யாராவது அப்படி உடுத்தறாங்களா? மரப்பாச்சி அப்படி உடுத்திக்கிட்டு வந்திருக்கா? வரலை. அப்ப இந்தப் பேச்சு இங்க வேண்டாம்."

பெர்த்தீல் வாசல் வரைக்கும் போனாள். அங்கே ஒரு நிமிஷம் நின்றாள். "சரிங்க, முசே," என்றாள். முன் இரண்டு தடவையும் அவள் அப்படிச் சொல்லவில்லை.

ம் சத்தம் குறைந்துகொண்டே போகிறதே. இன்னும் கொஞ்சம்தான்.

அந்த வாரம் கடக் கடக்கென்று வண்டி வந்தது. பெட்டியைப் பிரித்து, மரப்பாச்சியின் உடுப்பைச் சுருக்கம் எடுத்து, மேசைமேல் நிறுத்தி, பட்டுத்துணியால் மூடிவைப்பது எப்போதும் பெர்த்தீலின் வேலை. மற்றவர்கள் தொடக்கூடாது. தையல் அறைக் கதவைச் சாத்தினாள். இந்த வருஷமும் கணுக்கால் வரைக்கும் பாவாடை. இறக்கை மட்டும் கொஞ்சம் பெரிது.

கண்டுபிடித்தால் அவளுடைய வேலை போகும். லியோனியின் ஆட்டமும் போகும். கத்தரிக்கோலை எடுத்தாள்; வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

சரக். சரக். சரக்.

வெட்டிய பிறகுதான் பார்த்தாள்: மரப்பாச்சிக்கு முழங்காலே இல்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று தச்சன் செதுக்காமல் விட்டிருந்தான். பாவாடைக்குக் கீழே இரண்டு மொட்டைக் குச்சிகள். பெர்த்தீல் தன் பழைய கையுறையின் விரல்கள் இரண்டை வெட்டி, காலுறையாக மாட்டிவிட்டாள். உள்ளே முழங்கால் இருக்கிற இடத்தில் காலுக்கொரு பட்டாணி. அப்புறம் பாவாடையின் அடுக்குகளுக்குக் கஞ்சி போட்டாள். அது குடை மாதிரி விரிந்து நின்றது.

சபை கூடியது. முசே காஸ்பார் பட்டுத்துணியைச் சர்ரென்று இழுத்தார்.

மற்ற நான்கு கனவான்களும் மரப்பாச்சியைப் பார்க்காமல் முசே காஸ்பாரின் முகத்தைப் பார்த்தார்கள். முசே காஸ்பார் மேசையை ஒரு சுற்று சுற்றினார். இரண்டாம் சுற்று சுற்றினார். மூன்றாம் சுற்றில் குனிந்து பட்டாணியைப் பார்த்தார். பெர்த்தீல் கொப்புளம் ஆறாத கையை முன்துணிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்தார்.

"இதைத்தான் நான் பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார்.

"சொல்லியிருக்கீங்க," என்றார் ஒருவர்.

"முழங்கால்லதான் என்ன ஒரு கண்ணியம்," என்றார் மற்றவர்.

"கணுக்கால் பழசாப் போச்சு," என்றார் கணுக்கால் கனவான்.

முசே காஸ்பார் பெர்த்தீலின் பக்கம் திரும்பினார். "ஊர் உலகமெல்லாம் எங்கேயோ போயிடுச்சு. நீ இன்னும் பழைய நீளத்துலயே தெச்சுக்கிட்டிருக்கியே, வெட்கமா இல்லை?"

"தப்புத்தாங்க, முசே."

"நாளைக்குள்ள எல்லாத்தையும் வெட்டணும். எனக்கு நீளமா ஒரு அளவுகோல் வேணும்."

மறுநாள் சாயங்காலம் லியோனி சுற்றிக்கொண்டே விளிம்புக்கு வந்தாள். விளக்கு புஸ்ஸென்று நாக்கை நீட்டியது, மேலே பார்த்தது. பாவாடை எங்கோ உயரத்தில் விர்ரென்று போய்க்கொண்டிருந்தது. மறுபடி நீட்டியது, எட்டவில்லை. மூன்றாவது தடவையும் எட்டவில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் பெர்த்தீல் ஈரக் கம்பளியை நாலாக மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் மகள் ஆடுவதை அவள் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

முன்வரிசையில் ஐந்து பேரும் தூரக்கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லை.

அப்புறம் ஒரு வருஷம் போயிற்று. இந்தச் சின்ன ஊரில் பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது என்ற செய்தி தலைநகரம் வரைக்கும் போய்விட்டது. நம்மைவிட ஒரு சிற்றூர் முந்திவிட்டதா என்று அவர்களுக்கு ஒரே அவமானம். அந்த வருஷத்து மரப்பாச்சி வந்தபோது, அதன் பாவாடை முழங்காலுக்கும் மேலே, இடுப்பைச் சுற்றி ஒரு தட்டு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

முசே காஸ்பார் பெர்த்தீலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பார்த்தியா? நம்ம பாவாடை நாலு விரற்கடை அதிகமா இருக்கு. காலத்தோட ஒட்டி நடக்க உனக்கு எப்பத்தான் தெரியப் போகுதோ."

"இனிமே கவனமா இருக்கேங்க, முசே," என்றாள் பெர்த்தீல். சொல்லிவிட்டு மரப்பாச்சியைக் கையில் எடுத்து, தட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். இந்தத் தடவை தச்சன் அதற்கு இரண்டு முழங்கால் செதுக்கியிருந்தான்.

ஆட்டக்காரிகளின் பாவாடைகளை வெட்ட அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். சரக். சரக்.

ம் சத்தத்தையே காணோம். சரி, பாவாடையும் சுருங்கிவிட்டது, கதையும் சுருங்கிவிட்டது. போர்வையை மட்டும் கணுக்கால் வரைக்கும் இழுத்துவிடுகிறேன். தூங்கு.