பூதத்துக்கு எதிரே ஓர் அணில்

நெடுமடை நாட்டுக்கும் பூவத்தூர் நாட்டுக்கும் நடுவே ஓர் ஏரி. அதற்காக நூறு வருஷம் வெட்டிக்கொண்டு செத்தார்கள். பிறகுதான் புத்தி வந்தது. கத்தியைப் பரணில் போட்டுவிட்டு, நாட்டுக்கு ஐந்து பேரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். ஆட்டத்தில் ஜெயித்தவருக்கு அந்த வருஷத் தண்ணீர். இது எந்தக் காலத்துக் கதை என்று கேட்காதீர்கள். ராஜாவும் இருந்தார், கரண்டும் இருந்தது, அவ்வளவுதான்.

திரைக்குள் ஒரு காடு. அதில் பொன்பழம் பழுக்கும். குட்டியாக இறங்கும் அவரவர் உருவம் அதைத் தின்னத் தின்ன வளரும். வளர்ந்தபின் எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். பூவத்தூரார் எப்போதும் ஒரு பூதத்தை இறக்குவார்கள். அது ஆடி அசைந்து வந்து வயிறு முட்டத் தின்னும். அப்புறம் அதன் முன்னால் எவனும் நிற்க முடியாது. மூன்று வருஷமாக நெடுமடை வயல்கள் காய்ந்து கிடந்தன.

இந்தத் தடவை ராஜா வீரகேசரி, அவை விகடகவி மங்கைபாகனை அணித் தலைவனாக்கினார். சேனாபதி உக்கிரசிங்கருக்கு வயிறு எரிந்தது. ராஜாவின் காதில் ஓதினார்.

"மகாராஜா, அவன் அவசரக்குடுக்கை. முந்திக்கொண்டு அடித்து மானத்தை வாங்கிவிடுவான். 'படைக்குப் பிந்து' என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள்."

ராஜாவுக்குப் பழமொழி என்றால் வேதவாக்கு.

"மங்கைபாகா! எதிரி அடிக்கும்வரை நம் ஆட்கள் கை ஓங்கக் கூடாது. ஓங்கினால் ஏரி அவர்களுக்கே என்று நானே சொல்லிவிடுவேன். ஆனால் ஜெயித்தாக வேண்டும்!"

மங்கைபாகன் கணக்குப் போட்டான். பூதம் தின்று முடிக்கும்வரை கைகட்டி நின்றால் கோட்டை தரைமட்டம். 'படைக்குப் பிந்து, படைக்குப் பிந்து' என்று முணுமுணுத்துப் பார்த்தான். சட்டென்று சிரிப்பு வந்தது.

"உத்தரவு, மகாராஜா!"

ஆட்ட நாள். பூவத்தூரார் பூதத்தை எடுத்தார்கள். மங்கைபாகன் அணிலை எடுத்தான். அவனுடைய நால்வரும் கிளி, கீரி, முயல், குரங்கு என்று எடுத்தார்கள்.

"பூதத்துக்கு எதிரே அணிலா? யானையை எடய்யா!" என்று கத்தினார் சேனாபதி.

"தின்று கொழுத்த பூதத்துக்கு எதிரே இல்லை, ஐயா. பசித்த பூதத்துக்கு எதிரே."

மணி அடித்தது. பூதம் எழுந்து சோம்பல் முறிப்பதற்குள் அணில் முதல் மரத்தைக் காலி செய்தது. பூதம் அடுத்த மரத்துக்குப் போனது. அங்கே கிளி கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது மரத்தில் குரங்கு. யாரும் யாரையும் தொடவில்லை. கால் மணி நேரத்தில் அணில் யானை அளவு ஆகிவிட்டது. பூதமோ முழங்கால் உயரத்திலேயே நின்றது. பசி தாங்காமல் அணிலின் வாலில் ஓர் அடி போட்டது.

"அடித்துவிட்டான், மகாராஜா! பார்த்துக்கொள்ளுங்கள்!" என்றான் மங்கைபாகன்.

திருப்பி ஒரே அறை. பூதம் போன இடம் தெரியவில்லை. கோட்டை இடிந்தது. ஏரி நெடுமடைக்கு வந்தது. ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள்.

சேனாபதி மட்டும் ஆத்திரத்தில் குதித்தார். "மகாராஜா! பிந்தச் சொன்னால் மணி அடித்ததும் முந்தி ஓடினானே!"

மங்கைபாகன் கைகூப்பினான். "படைக்குப் பிந்தித்தான் அடித்தேன். சேனாபதி பழமொழியில் பாதியை விழுங்கிவிட்டார், மகாராஜா. பந்திக்கு முந்தச் சொல்லியிருக்கிறார்களே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மதகைத் திறந்துவிடுங்கள்! இன்றைய விருந்தில் முதல் இலை மங்கைபாகனுக்கு!"

"சேனாபதிக்கு, மகாராஜா?" என்று கேட்டான் மங்கைபாகன்.

"அவருக்குப் பிந்துவதுதானே பிடிக்கும்? கடைசிப் பந்தியில் போடுங்கள்."

கடைசிப் பந்தி வந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது. அவர் இலைக்கு மோர்தான் வந்தது.