முதல் போணி

சோணைமுத்து எதைக் கேட்டாலும் சாமியம்மா "சரி" என்றுதான் சொல்வார். சோணைமுத்துவின் கஷ்டமே அதுதான்.

"சாமி, பருத்திப்பால் கடை போடலாம்னு இருக்கேன்."

"சரி."

"இல்ல, இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாமான்னும் தோணுது."

"சரி."

"பூ மார்க்கெட் பக்கம் போட்டா நல்லதுங்குறாங்க. ஆனா பஸ் ஸ்டாண்டுலதான் ஓடும்னு என் மைத்துனன் சொல்றான்."

"சரி."

இதில் எந்தச் சரி நிஜமான சரி என்று தெரியாமல், மடத்து வாசலில் செருப்பை மாட்டும்போதே மனுஷன் குழம்பிப்போவார். வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவு எடுத்து, அதைக் கைவிட்டு, இன்னொன்று எடுத்திருப்பார். வாசற்படி ஏறும்போது அதுவும் போயிருக்கும்.

மடம் என்றால் கோபுரமும் யானையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மலையடிவாரத்தில், மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ஒரு பசுமாடு. அவ்வளவுதான். சாமியம்மாவுக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. சோணைமுத்து ஐம்பதைத் தாண்டியவர். அதனால் என்ன, குரு குருதானே. அவர் எதிரில் சோணைமுத்து உட்காரவே மாட்டார். சாமியம்மாவும் வருகிறவர்களையெல்லாம் ஐயா, அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

சோணைமுத்துவுக்கு டவுனில் ஒரு பார்சல் ஆபீஸில் புக்கிங் கிளார்க் வேலை. ஊரார் மூட்டையையெல்லாம் ஊர் ஊராக அனுப்பிவைத்தவர், தான் மட்டும் அந்த ஸ்டூலை விட்டு அசையவில்லை. பருத்திப்பால் ஆசை இன்று நேற்று வந்ததில்லை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி, பால் பிழிந்து, அரிசிமாவும் வெல்லமும் சேர்த்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு அவர் காய்ச்சினால் தெருவே மணக்கும். பொங்கல் சமயத்தில் ஆபீஸுக்கு ஒரு தூக்கு நிறையக் கொண்டுபோவார். குடித்தவர்கள் எல்லோரும், "நீ பேசாம கடை போடுய்யா" என்பார்கள். சொன்னவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர்தான் அந்தப் பேச்சை மடியில் கட்டிக்கொண்டு திரிவார்.

கடைசியில் இடம் பிடித்தது அவர் மனைவி பஞ்சவர்ணம். பூ மார்க்கெட் வாசலில் மூடிக் கிடந்த ஒரு டீக்கடை. பேசி, சாவியை வாங்கி, கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டார்.

"நல்ல நாள் பார்க்காம சாவிய வாங்கிட்டியே."

"நீங்க நாள் பார்த்துப் பார்த்து நமக்கு நரைச்சுப்போச்சு."

சோணைமுத்து ஆபீஸில் ஒரு வாரம் லீவு கேட்டார். முதலாளிக்கு விஷயம் முன்பே எட்டியிருந்தது.

"திங்கட்கிழமை காலையில அந்த ஸ்டூல்ல நீ உட்கார்ந்திருந்தா, அது உனக்கு. இல்லேன்னா என் மச்சினன் மகனுக்கு. அப்புறம் வந்து என் முன்னால நிக்காத."

ஆக, போனால் திரும்ப முடியாது. சோணைமுத்து நேரே மடத்துக்குப் போனார்.

"சாமி, வெள்ளிக்கிழமை விடியக்காலையில கடை திறக்குறோம். முதல் போணி நீங்கதான் பண்ணணும்."

சாமியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "சரி."

"உங்க கைராசி ஊருக்கே தெரியும்."

அப்படி ஒரு பேச்சு ஊரில் உண்டு. எப்போதோ ஒரு பழக்கடையில் சாமியம்மா முதல் போணியாக ஓர் எலுமிச்சம்பழம் வாங்கினாராம். அந்தக் கடைக்காரர் இன்று பழத்தை லாரியில் இறக்குகிறாராம். சாமியம்மாவிடம் கேட்டால், பழத்தில் நல்ல சாறு இருந்தது என்பார்.

"நீங்க வந்து ஒரு வாய் குடிக்கிற வரைக்கும் வேற யாருக்கும் ஊத்த மாட்டேன் சாமி. இது சத்தியம்."

சாமியம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"யாராவது வந்து கேட்டா?"

"காத்திருக்கட்டும் சாமி."

"சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மார்கழிக் குளிர். டவுனே போர்த்திப் படுத்திருக்கும் நேரத்தில் பூ மார்க்கெட் மட்டும் முழித்துக்கொள்ளும். அடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து பூக்காரப் பெண்கள் முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குவார்கள். எல்லோர் தலையிலும் துண்டோ சால்வையோ இழுத்துப் போர்த்தியிருக்கும்.

கடைக்கு வெளியே சோணைமுத்து ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் தன் கல்யாணப் பட்டு வேட்டியை மடித்து விரித்திருந்தார். சாமியம்மா எங்கே போனாலும் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் வெள்ளைக் கார்தான் கொண்டுவந்து இறக்கும். எனவே கண்ணை ரோட்டின் கோடியில் வைத்துக்கொண்டு அண்டாவைக் கிண்டினார்.

சுக்கு வாசம் கிளம்பியதுதான் தாமதம், ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"அண்ணே, ஒரு டம்ளர்."

"சாமியம்மா வரணும். முதல் போணி அவங்க. கொஞ்சம் பொறுங்க."

"எப்ப வருவாங்க?"

"இந்தா, இப்ப வந்துருவாங்க."

ஆட்டோக்காரர் ஒருவர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்று பார்த்தார். பிறகு எதிர்க்கடை டீக்குப் போனார். மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள்.

பஞ்சவர்ணம் டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுக் கிட்டே வந்தார். பருத்திக்கொட்டையைப் பிழிந்து பிழிந்து அவர் விரல்களெல்லாம் சிவந்திருந்தன.

"கேக்குறவங்களுக்கு ஊத்துங்க. அவங்க வந்தா அவங்களுக்கும் ஊத்துவோம்."

"சத்தியம் பண்ணிட்டேன்டி."

"டம்ளர் என்ன விலைன்னாவது சொல்லுங்க. அட்டையில எழுதி மாட்டுறேன்."

"அதையும் சாமியம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு இருக்கேன்."

பஞ்சவர்ணம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் ஒரு நாளும் மடத்துப் பக்கம் போனதில்லை. உங்களுக்குச் சாமியம்மா இருக்காங்க, எனக்கு வேலை இருக்கு என்பார்.

அடுத்த பஸ்ஸில் இன்னும் சில பூக்காரப் பெண்கள் வந்து இறங்கினார்கள். கடைக்கு முன்னால் கும்பலாக நின்றார்கள்.

"ஐயா, ஒரு டம்ளர் கொடுங்க. குளிருது" என்றது அதில் ஒரு குரல்.

"சாமியம்மா வரட்டும்மா" என்றார் சோணைமுத்து. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கார் மாதிரி இருந்தது. கிட்டே வந்தால் பால் வண்டி.

சால்வை போர்த்திய ஒரு பெண் நாற்காலியின் முதுகில் கை வைப்பது ஓரக்கண்ணில் பட்டது.

"அதுல உட்காராதீங்கம்மா. அது சாமியம்மாவுக்குப் போட்டது. அப்படி ஓரமா நில்லுங்க, கார் வர்ற வழி."

அந்தப் பெண் கையை எடுத்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார். சாமியம்மாவின் குரலைத் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சோணைமுத்து ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டதுண்டு.

கார் வரவில்லை. விடிந்து, வெயில் ஏறி, பூக்காரப் பெண்கள் காலிக் கூடையோடு பஸ் ஏறிப் போன பிறகும் வரவில்லை. அண்டாவில் ஆடை படிந்துகொண்டே இருந்தது. அவரும் எடுத்து எடுத்துப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் பஞ்சவர்ணம் வந்து அடுப்பை அணைத்தார்.

"எதுக்கு அணைச்ச?"

"அடிப்பிடிக்குது." பெரிய தூக்கு ஒன்றில் பருத்திப்பாலை ஊற்றி, துணி சுற்றி, அவர் முன்னால் வைத்தார். "கொண்டுபோயி உங்க சாமியம்மா மாட்டுக்கு ஊத்துங்க. பருத்திக்கொட்டைதானே, குடிக்கும்."

சோணைமுத்து தூக்கையும் இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். டம்ளர் எதற்கு என்று அவரைக் கேட்டிருந்தால் அவருக்கே தெரியாது.

பஸ்ஸில் அவர் மனசு நிலைகொள்ளவில்லை. வரேன்னு சொன்னவங்க வரலை. அப்படின்னா கடை வேண்டாம்னு அர்த்தமா? வேண்டாம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. ஒருவேளை சோதிக்கிறாங்களோ? சோதனைன்னா பொறுத்துக்கிட்டுக் கடையைத் திறக்கணுமா, புரிஞ்சுக்கிட்டு மூடணுமா? திங்கட்கிழமையும் அந்த ஸ்டூலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அதில் முதலாளியின் மச்சினன் மகன் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மடத்தில் கிணற்றடியில் ஒருவர் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சாமியம்மா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கொடியில் ஒரு சால்வை காய்ந்தது.

சோணைமுத்து கும்பிடவில்லை. தூக்கைத் தரையில் வைத்தார்.

"போணி ஆகலை சாமி. ஒரு டம்ளர்கூடப் போகலை. நீங்க வரவே இல்லை."

"வந்தேனே."

"எப்ப?"

"விடியக்காலையில. பூக்காரங்ககூட பஸ்ல வந்தேன்."

"கார்ல இல்லையா?"

"கார் வேண்டாம்னுட்டேன். பஸ் நேரா உங்க கடை வாசல்ல நிக்குது."

"நான் உங்களைப் பார்க்கலையே சாமி."

"நீங்க ரோட்டைப் பார்த்துட்டு இருந்தீங்க."

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிட்டேன். ஒரு டம்ளர் கேட்டேன். சாமியம்மா வரட்டும்னு சொன்னீங்க." சாமியம்மா ஒரு கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார். "நாற்காலி நல்லா இருந்துச்சு. அதுவும் அவங்களுக்குன்னீங்க."

சோணைமுத்துவுக்கு அந்தக் கும்பல், சால்வை, நாற்காலியின் முதுகில் ஒரு கை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மானம் போயிற்று. சிரிப்பதா, காலில் விழுவதா என்று விளங்கவில்லை.

"அப்புறம் என்ன சாமி பண்ணுனீங்க?"

"நானும் அவங்க வரட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன். வரலை. குளிர் தாங்கலை, கிளம்பிட்டேன்."

மாடு தூக்கை நோக்கிக் கழுத்தை நீட்டியது. சோணைமுத்து அதை நகர்த்தி வைத்தார்.

"தப்புத்தான் சாமி. என் புத்திதான். இப்ப நான் என்ன செய்யணும்? திங்கட்கிழமை ஆபீஸுக்கே போயிடட்டுமா?"

"சரி."

"இல்ல, நாளைக்கும் கடையைத் திறக்கட்டுமா?"

"சரி."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக சோணைமுத்துவுக்குச் சாமியம்மாவின் மேல் கோபம் வந்தது.

"ரெண்டுக்கும் சரின்னா நான் எதைச் செய்யுறது? என் பொண்டாட்டி கை வெந்துபோயி நிக்குறா. அங்க என் ஸ்டூலுக்கு ஒருத்தன் ரெடியா நிக்குறான். உங்களை நம்பித்தானே ஒவ்வொண்ணையும் வந்து கேக்குறேன். ஒரு நாளாவது இதைச் செய், இதைச் செய்யாதேன்னு சொல்லியிருக்கீங்களா?"

சாமியம்மா கீரையை முறத்தில் தள்ளிச் சேர்த்தார்.

மோட்டார் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இவர்கள் பக்கம் வந்தார். மூக்கை ஒரு முறை உறிஞ்சினார்.

"பருத்திப்பாலா அண்ணே? சுக்கு வாசம் கிணத்தடி வரைக்கும் வருது. விக்குறதா?"

சோணைமுத்து தூக்கைப் பார்த்தார்.

"சூடு இருக்கா?"

சோணைமுத்து குனிந்து துணிக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். இருந்தது.

"டம்ளர் என்ன விலைண்ணே?"

சோணைமுத்து நிமிர்ந்தார். பழக்கதோஷம், கண் தானாகவே சாமியம்மாவின் முகத்துக்குப் போயிற்று. சாமியம்மா தோட்டத்துக்கு அப்பால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி..."

"என்னை ஏன் பார்க்குறீங்க?" என்றார் சாமியம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே. "அவர் கேட்டது உங்களை."