டீச்சர் எழுதிய பகுதி

தென்காசிப் பக்கம் ஒரு மாடியில் ஞானசௌந்தரி என்று ஒருத்தி இருந்தாள். கம்ப்யூட்டருக்கென்று தானே ஒரு மொழியை உண்டாக்கியவள். அந்த மொழியில் நாம் ஒரு வரி எழுதினால், அதை வாசித்து மெஷினுக்கு எடுத்துச் சொல்ல நடுவில் ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆளும் ஒரு புரோகிராம்தான். இன்டர்பிரெட்டர் என்பார்கள். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஆளுக்கு ஒன்றாக எழுதினார்கள்.

வந்தவர்களில் முதல் ஆள் சங்கரநயினார். பாங்கு வேலையை விட்டுவிட்டு வந்தவர். வயதில் அவளுக்கு மூத்தவர். ஆனாலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு நாள் இன்டர்பிரெட்டர் விழுந்தது. அந்த மொழியில் எழுதி, கடற்கரை மீனவர் சங்கம் ஒன்றுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்த புரோகிராம் பாதியில் நின்றுபோயிற்று. நல்லவேளை, அன்றைக்குக் காற்று பெரிதாக இல்லை.

எந்த இடத்தில் விழுந்தது என்று நயினார் பார்த்தார். வார்த்தைகளை ஒட்டிச் சேர்க்கிற பகுதியில். அது புதிதாக வந்த ரெஜினா எழுதியது.

"சார், முந்தாநாள் வரைக்கும் ஒழுங்கா ஓடிச்சே," என்றாள் ரெஜினா.

"விழுந்து கிடக்கது உன் வாசல்ல. நான் பக்கத்து வீட்டுலயா போய்க் கேக்க?"

அவள் டிபன் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

நயினார் டீச்சரிடம் போனார்.

"அந்தப் பிள்ளையை அனுப்பிருவோம் டீச்சர். கடல்ல போறவன் உயிரு இது. கை பழகாத ஆளை வச்சுக்கிட்டு முடியாது."

"விழுந்த இடம் பார்த்தாச்சு. தள்ளினது எதுன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நம்ம வழக்கப்படி ஒவ்வொரு பகுதியையா வேலை செய்ய விடாம ஓரமா உட்கார வச்சிட்டு ஓட்டினேன். என் பகுதியையும்தான். ரெஜினா பகுதியை உட்கார வச்சா மட்டும்தான் விழாம ஓடுது."

"எல்லாப் பகுதியையும் உட்கார வச்சீங்களா?"

நயினார் தயங்கினார். "குப்பை அள்ளுத பகுதியைத் தவிர."

மெஷினின் ஞாபகத்தில் இடம் நிறைந்ததும், இனி யாருக்கும் வேண்டாததைப் பார்த்து அள்ளி எறிவது அதன் வேலை.

"அதை ஏன் விட்டீங்க?"

"அது நீங்க எழுதினதுல்லா."

டீச்சர் அந்தப் பகுதியைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருந்தது: டீச்சர் எழுதியது. யாரும் கை வைக்க வேண்டாம்.

"இதை யார் போட்டது?"

"நான்தான். ஒரு மரியாதைக்கு."

டீச்சர் அந்த வரியை அழித்தாள். குப்பை அள்ளுவதை நிறுத்திவிட்டு ஓட விட்டாள். ரெஜினாவின் பகுதி உள்ளேதான் இருந்தது. புரோகிராம் கடைசிச் செய்தி வரைக்கும் போய்ச் சத்தமில்லாமல் முடிந்தது. அள்ளுவதைத் திரும்ப முடுக்கினாள். விழுந்தது.

நயினார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் வரி வரியாக வாசித்தார்கள். முதலில் அவர் கண்ணில்தான் பட்டது. ரெஜினாவின் பகுதி ஒரு வார்த்தையைப் பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, வேண்டாதது என்று நினைத்து இது அள்ளிவிடுகிறது. பந்தியில் சாப்பிடுகிறவள் கை இலையில் இருக்க, இலையை உருவின மாதிரி. சங்கத்தில் ஆள் கூடி, செய்தி பெருகி, இடம் நிறைந்த அன்றைக்குத்தான் அது வெளியே வந்திருக்கிறது.

"டீச்சர்," என்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி. யார் தப்பு?"

நயினார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தப்பு."

"ம்."

வெளியே ரெஜினா செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. நயினார் எழுந்தார்.

"நான் போய் அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டு இருக்கச் சொல்லுதேன். வந்து இதை நானே சரி பண்ணிருதேன் டீச்சர்."

"மன்னிப்பை நீங்க கேளுங்க. சரி பண்ணுறதை அவகிட்ட விடுங்க. நான் எழுதினதைக் கும்பிட்டு ஒதுங்க அவளுக்கு இன்னும் பழகலை."