ஆதிமூலத்தின் ரப்பர் புழு

உப்பங்கழியில் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஆதிமூலம், புதுச் சம்பந்திக்குத் தன் மீன்பிடித் திறமையைக் காட்டப் புறப்பட்டார். படகு, அந்தத் துறையில் படகோட்டிப் பிழைக்கும் தையல்நாயகியுடையது; அவளே ஓட்டி வந்தாள். தூண்டிலில் ஒரு தக்கை, அதற்குக் கீழே சிவப்பு ரப்பர் புழு. காற்றே இல்லை. தக்கை அசையவில்லை. அசையாத புழுவைக் கொடுவா மீன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தூண்டில் கோலைக் கொஞ்சம் ஆட்டுங்க ஐயா, புழு நெளியும்" என்றாள் தையல்நாயகி.

"எனக்கே பாடமா? நான் ஆட்ட மாட்டேன், நீயும் தொடக் கூடாது. புழு தானா நெளியணும், மீன் மாட்டணும். இல்லேன்னா நாளையிலேருந்து உன் படகு என் துறைப் பக்கமே வரக் கூடாது!"

அவளுக்குப் படகை விட்டால் வேறு பிழைப்பில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"சரிங்க ஐயா. அதுவரைக்கும், போன வருஷம் நீங்க பிடிச்ச மீனைப் பத்திச் சம்பந்தி ஐயாவுக்குச் சொல்லுங்களேன்."

ஆதிமூலத்துக்கு வேறென்ன வேண்டும்? கோலைப் படகு விளிம்பில் செருகிவிட்டு ஆரம்பித்தார். "இம்மாம் பெருசு!" என்று கைகளை விரித்தார். போதவில்லை. எழுந்து நின்று இன்னும் விரித்தார். மீன் துள்ளியதைத் தானே துள்ளிக் காட்டினார். படகு ஆடியது, தக்கை குதித்தது, புழு நெளிந்தது. சடக்கென்று தக்கை தண்ணீருக்குள் போய்விட்டது.

ஆதிமூலம் பாய்ந்து கோலை இழுத்தார். சாண் நீளத்தில் ஒரு கொடுவா.

"என்ன சம்பந்தி, இது இத்தனூண்டா இருக்கு?" என்று கேட்டார் புதுச் சம்பந்தி.

தையல்நாயகி முந்திக்கொண்டாள். "அந்தப் பெரிய மீனோட குஞ்சுங்க ஐயா. அம்மாவைப் பத்தி யாரோ பேசறாங்கன்னு கேட்க மேலே வந்திருக்கு."

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். ஆதிமூலத்துக்கும் கூடச் சிரிப்பதைத் தவிர வழியில்லை. மறுநாளும் தையல்நாயகியின் படகு அதே துறையிலிருந்துதான் கிளம்பியது.