ஸ்பிரிங் தண்டும் நாலு சுற்றும்

"ஸ்பிரிங் தண்டுங்கிறதே பித்தலாட்டம், டீச்சர்" என்றார் மாசிலாமணி.

ஒற்றைச் சக்கர வண்டியைப் பாறையில் சாய்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

பிலோமினா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சர்க்கஸில் பதினொரு வருஷம் ஒற்றைச் சக்கரம் ஓட்டியவள். இப்போது கோத்தகிரிக்குக் கீழே, ஓடைக்கு இறங்கும் கல்லுப் பாதையில் அதைக் கற்றுக்கொடுக்கிறாள். அவளுக்கு வயது முப்பத்து நாலு. மாணவருக்கு ஐம்பத்தொன்பது.

மில் தொழிலாளர் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதியே ஆயுசைக் கழித்தவர் அவர். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதும் துண்டறிக்கையில்தான். சங்கம் மூன்றாக உடைந்தபோது எந்தத் துண்டோடும் ஒட்டாமல் மலையேறி வந்துவிட்டார்.

"பின்னாலே யாரையும் ஏத்த முடியாத வண்டி இது ஒண்ணுதானே" என்று சேர்ந்த அன்றே சொன்னார்.

"எங்கே வலிக்குது, தோழர்?"

"எங்கே வலிக்கலைன்னு கேளுங்க. சீக்கிரம் சொல்லி முடிச்சிடலாம்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வண்டியை விட்டுடச் சொல்லிட்டார். சீட்டுக்கு அடியிலே ஸ்பிரிங் தண்டு போட்டுப் பார்க்கிறேன், அதுக்கும் கேக்கலைன்னா விட்டுடறேன்னு வாக்குக் குடுத்தேன். போட்டாச்சு. கட்டையிலே உட்கார்ந்த மாதிரியேதான் இருக்கு. இன்னிக்கும் இப்படின்னா வண்டியை இங்கேயே வெச்சுட்டுப் போயிடறேன்."

சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பார்த்த பக்கமெல்லாம் அந்தப் பாதைதான் கிடந்தது. காலையில் கண் விழித்ததும் அவர் மனசு போய் நிற்பது அங்கேதான். வேறு எங்கே போய் நின்றாலும் பழைய கோபம்தான் எதிரே வரும்.

"தண்டை யார் மாட்டினது?"

"நானேதான். எவன் தயவும் வேண்டாம்னுதான்."

"ஏறி உட்காருங்க."

பாறையைப் பிடித்து ஏறினார். பிலோமினா சீட்டுக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"துளிகூட இறங்கலையே."

"எப்படி இறங்கும்? மாட்டின அன்னிக்கு உட்கார்ந்தேன், ஒரு விரல் கனம் இறங்குச்சு. எனக்குப் பொறுக்கலை. தண்டை உருவி, ஸ்பிரிங்கை இறுக்கற அடித் திருகைக் கடைசி மட்டும் முறுக்கிட்டேன். நான் எவன் முன்னாலேயும் இறங்கினவன் இல்லை, டீச்சர்."

அவள் திருகைத் திருப்பும் ஆலன் கீயை நீட்டினாள்.

"நாலு சுற்று அவிழ்த்துவிடுங்க."

"நாலா? ஒண்ணு."

"நாலு, தோழர்."

"ஒண்ணு. ஓட்டிப் பார்த்துட்டு மேற்கொண்டு பேசுவோம்."

தண்டை உருவினார். ஒரே ஒரு சுற்று அவிழ்த்தார். மாட்டிக்கொண்டு ஓடைவரை இறங்கினார். வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது. சரி, இன்னும் அரைச் சுற்று தரேன்."

"நான் நாலு கேட்டேன்."

"இப்போதைக்கு அரை. மீதியைப் பரிசீலிக்கலாம்."

மறுபடியும் போனார். இந்தத் தடவை வண்டியைத் தூக்க முடியவில்லை. உருட்டிக்கொண்டு வந்தார்.

பிலோமினா ஒரு டம்ளர் தேநீர் கொடுத்தாள்.

"பேச்சுவார்த்தைக்கெல்லாம் போயிருக்கீங்க இல்லையா, தோழர்?"

"முப்பத்தொரு தடவை."

"மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் எப்படிப் பேசுவார்?"

அவருக்கு வலி மறந்துபோயிற்று. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவனா! அவன் பேச்சைக் கேக்கணுமே. நாலு கேட்டா ஒண்ணு தருவான். அதையும் தன் சோத்திலேருந்து அள்ளிப் போடற மாதிரி மூஞ்சியை வெச்சுக்குவான். திரும்பப் போய் நின்னா அரை. மீதியைப் பரிசீலிக்கலாம்பான். எதிரே நிக்கிறவன் இடுப்பொடிஞ்சு நிக்கிறது கண்ணுக்குத் தெரியும். பார்த்துக்கிட்டே..."

குனிந்து பார்த்தார்.

ஆலன் கீ அவர் கையில் இருந்தது.

பிலோமினா தேநீரை ஊதி ஊதிக் குடித்தாள்.

அவர் தண்டை உருவினார். எண்ணாமல் அவிழ்த்துக்கொண்டே போனார்.

"போதும், போதும்! திருகு கையோட வந்துடும்" என்று அவள் ஓடி வந்து பிடித்தாள்.

ஏறி உட்கார்ந்தார். சீட் ஒரு விரல் கனம் இறங்கி நின்றது.

அவர் மூச்சை விட்டார்.

முதல் கல்லுக்கு உடம்பு தானாக விறைத்தது. கல் போயிற்று, அடி வரவில்லை. இரண்டாவது கல்லும் போயிற்று. ஐந்தாவதிலோ ஆறாவதிலோ அவருக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. வேலியோரத்துச் செடிகளில் மஞ்சளாகப் பூத்திருந்தது. எத்தனை நாளாகப் பூத்திருக்கிறதோ, இன்றைக்குத்தான் பார்த்தார்.

வெகுநேரமாகியும் ஆள் மேலே வரவில்லை.

பிலோமினா இறங்கிப் போனாள். வண்டி மணலில் கிடந்தது. அவர் ஓடைக்கரையில் உட்கார்ந்து, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னுமா வலிக்குது?"

இல்லையென்று தலையசைத்தார்.

"பின்னே என்ன, தோழர்?"

"எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன், டீச்சர்" என்றார் மாசிலாமணி. கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. "இந்த உடம்பு ஒருத்தன், இவன் போகவே இல்லை."