ஒரே படம், இரண்டு மானிட்டர்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. சொன்னவர் ஞானசிகாமணி அண்ணாச்சி. தான் தோற்றதை எவராவது சிரித்துக்கொண்டே சொல்வார்களா?

பாளையங்கோட்டையில் அவருக்கு போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பங்களில் முகங்கள் கறுத்து வந்தன. கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தும் மரியபுஷ்பத்தின் மேல் பழி விழுந்தது.

"மானிட்டர்ல வெளிச்சம் கூடுதல், முதலாளி. அதைப் பாத்து நான் படத்துல குறைச்சா அச்சுல கறுக்கத்தான் செய்யும்."

"முப்பது வருசமா படம் எடுக்கேன். அது நான் பாத்து வாங்கின மானிட்டர்! என் கண்ணு தப்புன்னு என் வாயாலயே சொல்ல வை. இல்லேன்னா திங்கக்கிழமை வேலைக்கு வராத."

"அப்ப புதுசு ஒண்ணு பாக்கக் கடைக்கு வாங்க" என்றாள்.

முன்னதாகவே போய், கடைக்காரரிடம் சொல்லி, ஆல்பத்தில் கறுத்து வந்த ஒரு மணப்பெண்ணின் படத்தையே இரண்டு மானிட்டர்களிலும் போட்டு வைத்திருந்தாள்.

"எது நல்லது, முதலாளி?"

"இதென்ன கேள்வி? இடது பக்கம் ராஜா மாதிரி பளிச்சுன்னு நிக்கி. வலது பக்கம் உள்ளது குப்பை!"

இரண்டையும் திருப்பிப் பின்புறத்தைக் காட்டினாள். ஒரே கம்பெனி, ஒரே மாடல். இடது மானிட்டரின் பொத்தானை அழுத்தி, தான் கூட்டி வைத்திருந்த வெளிச்சத்தைக் குறைத்தாள். ஆல்பத்தில் வந்த அதே கறுத்த முகம் திரையில் தெரிந்தது.

"அச்சுல வாரதை அப்படியே காட்டணும், முதலாளி. நமக்கு அதுதான் நல்ல மானிட்டர்."

"என் கண்ணு தப்புதான்" என்றாராம், கடையில் எல்லார் முன்னாலும்.

போன வாரம் மறுபடி சொல்லிச் சிரித்தார். இந்த முறை கேட்டுவிட்டேன்:

"அவ மொதல்ல வாயால சொன்னப்பவே ஏன் அண்ணாச்சி நம்பல?"

அவர் சிரிப்பு நின்றபோதுதான் கதை நிஜம் என்று நம்பினேன்.